பத்து மடங்கு பேட்டரி: நாம் எழுதியதும் எழுதாமல் விட்டதும்



சில மாதங்களுக்கு முன் நமது இதழின் துணுக்குச் செய்திப் பகுதியில் நான்கு வரிச் செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தோம். சிலிக்கான் நானோ கம்பிகளைக் கொண்ட புதிய பேட்டரி, இப்போதுள்ள பேட்டரியைவிடப் பத்து மடங்கு மின்சாரத்தைச் சேமிக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர் என்பதே அச்செய்தி. பக்கத்தில் கொஞ்சம் இடம் மீதமிருந்தது, போட்டுவிட்டோம். அதன் பிறகு அதை மறந்தும் போனோம்.

சென்ற மாதம் நமது வட்டியில்லாக் கடன் குழு கூடியபோது அந்தத் துணுக்கு மறுபடியும் நம் முன் வந்தது. பேட்டரி ஸ்கூட்டரில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் மனு கொடுத்திருந்தார். பழைய பேட்டரி தளர்ந்துவிட்டது, பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது, ஒரு கடையில் "நானோ சிலிக்கான் பேட்டரி" தருகிறார்கள், பத்து மடங்கு ஓடுமாம், எழுபதாயிரம் ரூபாய் முழுவதையும் முன்பணமாகக் கட்டவேண்டுமாம். உறுப்பினர்களில் ஒருவர், "இது நம்பும்படியாக இல்லையே தம்பி" என்றார். உடனே அவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "பாய், நம்ம இதழ்லயே போட்டிருந்தீங்களே!"

அது நாம் போட்ட துணுக்குதான். நம்மிடம் பதில் இல்லை. கடன் முடிவை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதே இக்கட்டுரை. நமது துணுக்கில் இருந்த செய்தி முழுப் பொய்யல்ல. ஆனால் முக்கியமான பாதியை அது சொல்லவில்லை. அந்தப் பாதியைச் சொல்வது நமது கடமை.

பேட்டரிக்குள் நடப்பது என்ன?

கைப்பேசியிலும் ஸ்கூட்டரிலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991ல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் அடிப்படைகளை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனுள் இரண்டு முனைகள் உள்ளன. ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, திரவத்தைக் கடந்து, எதிர்முனைக்குள் போய்த் தங்குகின்றன. வண்டி ஓடும்போது அவை நேர்முனைக்குத் திரும்பி வருகின்றன. அப்படி அவை போய்வரும்போது வெளியே கம்பி வழியாக ஓடும் எலக்ட்ரான்களே நமக்குப் பயன்படும் மின்சாரம். ஆகவே ஒரு பேட்டரியின் கொள்ளளவு என்பது, இரு முனைகளும் எவ்வளவு லித்தியத்துக்கு இடம் கொடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த "இரு முனைகளும்" என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

எதிர்முனையில் இன்று பெரும்பாலும் இருப்பது கிராஃபைட், அதாவது பென்சிலில் உள்ள அதே கரி. காகிதக் கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும் இதன் இடுக்குகளில் லித்தியம் நுழைந்து தங்கும், பிறகு வெளியே வரும். இதை மின்வேதியியல் முறையில் செய்ய முடியும் என்று 1980ல் காட்டியவர் ரஷீத் யாஸமி. மொரோக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் பிறந்து, பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆய்வு செய்தவர். பொறியியல் துறையின் பெரிய விருதுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசை 2014ல் குட்இனஃப், நிஷி, யோஷினோ ஆகியோருடன் சேர்ந்து இவரும் பெற்றார்.

கிராஃபைட் நம்பகமானது. லித்தியம் உள்ளே வரும்போது சுமார் பத்து சதவீதம்தான் உப்பும். அதனால் பல நூறு முறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்குகிறது. ஆனால் ஆறு கரி அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்குத்தான் இடம் கொடுக்கும். கணக்கில் சொன்னால், ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி அளவு மின்னூட்டத்தைச் சேமிக்கும்.

சிலிக்கானின் பலமும் பலவீனமும்

மணலிலும் பாறையிலும் நிறைந்திருக்கும் சிலிக்கான் இதற்கு நேர் எதிர். நான்கு சிலிக்கான் அணுக்கள் பதினைந்து லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும். ஒரு கிராமுக்குச் சுமார் 3,580 மில்லி ஆம்பியர் மணி. அதாவது கிராஃபைட்டைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. நமது துணுக்கில் வந்த "பத்து மடங்கு" இங்கிருந்து பிறந்ததுதான்.

சிலிக்கான் லித்தியத்தை ஏற்கும் என்பது 1970களிலேயே தெரியும். பிறகு ஏன் கரியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்? காரணம், சிலிக்கான் உப்பும் விதம். கொண்டைக்கடலையை ஒரு போத்தலில் நிறைய அடைத்துத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி வைத்தால் காலையில் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஊறிய கடலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். லித்தியத்தை ஏற்ற சிலிக்கானோ ஏறத்தாழ நான்கு மடங்காகும். சார்ஜ் இறங்கும்போது மறுபடி சுருங்கும். இப்படிச் சில முறை உப்பிச் சுருங்கியதும் அது விரிசல் கண்டு தூளாகிவிடும். தூளான துகளுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் தகட்டுக்கும் தொடர்பு அறுந்துபோகும். பிறகு அது வெறும் பாரம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எதிர்முனையின் மேல் திரவம் படும் இடத்தில் மெல்லிய படலம் ஒன்று உருவாகும். அது ஒரு முறை உருவாகி நிலைத்துவிட்டால் முனைக்குப் பாதுகாப்பு. ஆனால் சிலிக்கான் உப்பும்போது படலம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புதுப் படலம் உண்டாகிறது. காய்ச்சிய பாலில் ஆடையை எடுக்க எடுக்க மறுபடி ஆடை படிவதும், எடுக்க எடுக்கப் பால் குறைவதும் போல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியமும் திரவமும் இதில் செலவாகிவிடும். பேட்டரி சீக்கிரமே சத்திழந்துவிடும்.

நானோ கம்பிகள் செய்த வேலை

இந்த இடத்தில்தான் 2007ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு வருகிறது. ஆம், 2007. நமது துணுக்கில் அதைப் புதிய செய்தி போல வெளியிட்டது நமது முதல் தவறு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் என்ற பேராசிரியரும், கேண்டஸ் சான் என்ற மாணவியும், மற்றவர்களும் சேர்ந்து சிலிக்கானைக் கட்டியாகப் பயன்படுத்தாமல் மிக மெல்லிய கம்பிகளாக வளர்த்தார்கள். ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் மேல் நாற்றங்காலில் நாற்று நிற்பது போல அக்கம்பிகள் நின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் சராசரியாகச் சுமார் 90 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அதன் நுண்மையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். லித்தியம் ஏறியதும் அக்கம்பிகள் சுமார் 140 நானோமீட்டராகப் பருத்தன. ஆனால் உடையவில்லை.

ஏன் உடையவில்லை? கம்பிகளுக்கு நடுவே பருக்க இடம் இருந்தது. அதோடு, பொருள் மிக நுண்ணியதாக இருந்தால் விரிசல் உண்டாவதே கடினம். காய்ந்த ஏரியில் அகலமான வண்டல் பாளம் பாளமாக வெடிக்கிறது. அதிலிருந்து எடுத்த ஒரு சிறு மண்கட்டி வெடிப்பதில்லை. சிலிக்கான் துகளின் அளவு சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் லித்தியம் ஏறும்போது அது பிளப்பதில்லை என்று 2012ல் மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்து உறுதி செய்தார்கள். மேலும், ஒவ்வொரு கம்பியும் எஃகுத் தகட்டில் நேரடியாக வேர் ஊன்றியிருந்ததால் மின் தொடர்பு அறுந்துபோகவில்லை.

இது மெய்யான சாதனைதான். ஆனால் அந்த 2007 ஆய்வில் முதல் சார்ஜில் உள்ளே போன மின்னூட்டத்தில் சுமார் 73 சதவீதம்தான் திரும்ப வந்தது. மிக மெதுவாக ஏற்றி இறக்கி, 10 சுற்றுகள் வரை கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார்கள். ஆய்வுக் கூடத்தில் 10 சுற்று என்பது பெரிய விஷயம். தினமும் சார்ஜ் போடும் நம் சகோதரருக்கு அது 10 நாள்.

மாதுளை சொல்லிய வழி

அதன்பின் வந்த ஆண்டுகளில் அதே குழு வேறு வடிவங்களை முயன்றது. 2012ல் சிலிக்கானை உள்ளீடற்ற குழாயாகச் செய்து, வெளிப்புறத்தில் ஓர் உறுதியான உறை போட்டார்கள். உறை வெளிப்பக்கம் உப்பவிடாது. குழாய் உள்பக்கமாகவே உப்பும். வெளியே உள்ள படலம் கிழியாது. இந்த முனை 6,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கியது.

2014ல் வெளியான வடிவம் நமக்கு நன்கு தெரிந்த ஒரு பழத்தை ஒத்தது. நுண்ணிய சிலிக்கான் மணி ஒவ்வொன்றையும் ஒரு கரி உறைக்குள், உப்புவதற்கு இடம் விட்டு வைத்தார்கள். அப்படிப்பட்ட பல மணிகளை ஒன்றுசேர்த்து மேலே கெட்டியான ஒரு கரித் தோல் போர்த்தினார்கள். மாதுளம்பழம் போன்ற அமைப்பு. திரவம் வெளித்தோலைத்தான் தொடும், ஒவ்வொரு மணியையும் தொடாது. பால் ஆடைத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது.

இன்னொன்று, அரிசி உண்ணும் நமக்கு நெருக்கமானது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. நம் முன்னோர் உமிச்சாம்பலால் பல் துலக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் அந்தச் சிலிக்கா இருந்ததால்தான். அது உமிக்குள் ஏற்கெனவே நானோ அளவுத் துகள்களாகவே இருக்கிறது. உமியை அமிலத்தில் கழுவி, எரித்து, கிடைக்கும் சிலிக்காவை மெக்னீசியத்தோடு சூடாக்கினால் அந்த நுண்ணமைப்பு கெடாமல் சிலிக்கான் கிடைக்கிறது என்று 2013ல் ஸ்டான்ஃபோர்டு குழுவும், தென்கொரியாவைச் சேர்ந்த ஒரு குழுவும் தனித்தனியே காட்டின. அரிசி ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் உமிக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

பத்து மடங்கு எங்கே போயிற்று?

இப்போது முக்கியமான கேள்வி. எதிர்முனை பத்து மடங்கு சேமித்தால் பேட்டரியும் பத்து மடங்கு சேமிக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. மேலே "இரு முனைகளும்" என்று சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு சிறு கணக்கு போடுவோம். 3,600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி வேண்டும். நேர்முனையில் இன்றைய பொருள்கள் கிராமுக்குச் சுமார் 180 தருகின்றன என்று வைத்துக்கொண்டால், அங்கே 20 கிராம் வேண்டும். எதிர்முனையில் கிராஃபைட் என்றால் சுமார் 10 கிராம். ஆக மொத்தம் 30 கிராம். இப்போது கிராஃபைட்டை எடுத்துவிட்டு முழுக்கச் சிலிக்கான் வைத்தால் எதிர்முனை ஒரு கிராமாகக் குறையும். ஆனால் நேர்முனையின் 20 கிராம் அப்படியேதான் இருக்கும். மொத்தம் 21 கிராம். முப்பது இருபத்தொன்றானது. பத்து மடங்கு அல்ல, ஒன்றரை மடங்குகூட எட்டவில்லை. இதன் மேல் தகடுகள், திரவம், கூடு ஆகியவற்றின் எடையும் குறையாமல் நிற்கும்.

குடும்பத்தில் ஒருவர் பத்து மடங்கு சாமான் தூக்குகிறார் என்பதற்காக உடன் வருபவரின் சுமை குறைந்துவிடாது என்பது போலத்தான் இது. நமது துணுக்கில் "எதிர்முனை" என்ற ஒரு சொல் விடுபட்டதால் "பேட்டரி" முழுவதும் பத்து மடங்காகிவிட்டது. இது நமது இரண்டாவது தவறு.

கடைக்கு வந்துவிட்டதா?

வந்திருக்கிறது, ஆனால் அடக்கமாக. யி சுய் 2008ல் தொடங்கிய ஆம்ப்ரியஸ் நிறுவனம் சிலிக்கான் நானோ கம்பி பேட்டரிகளைச் செய்து விற்கிறது. 2018ல் ஏர்பஸ் நிறுவனத்தின் செஃபிர் என்ற சூரிய ஒளி ஆளில்லா விமானம் இந்த பேட்டரிகளின் துணையோடு ஏறத்தாழ 26 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. 2022ல் அந்நிறுவனம் கிலோவுக்கு 450 வாட் மணி தரும் பேட்டரிகளை வழங்கியது. இன்று நல்ல லித்தியம் அயனி பேட்டரி கிலோவுக்குச் சுமார் 250 வாட் மணி தருகிறது. ஆக, வானில் பறக்கும் விலை உயர்ந்த பொருளில்கூட முன்னேற்றம் இரண்டு மடங்குக்கும் குறைவுதான்.

கைப்பேசியிலும் இது நுழைந்துவிட்டது. 2023ல் ஹானர் நிறுவனம் தனது மேஜிக் 5 புரோ கைப்பேசியைச் சீனாவில் சிலிக்கான் கரிக் கலவை பேட்டரியோடு விற்றது. அதன் கொள்ளளவு 5,450. அதே கைப்பேசி மற்ற நாடுகளில் 5,100 உடன் விற்கப்பட்டது. வித்தியாசம் ஏழு சதவீதம். அதன் பிறகு வந்த கைப்பேசிகளில் கொள்ளளவு மேலும் கூடி, 6,000, 7,000 என்று வருவதற்கு இத்தொழில்நுட்பமும் ஒரு காரணம். இவற்றின் எதிர்முனையில் சிலிக்கான் ஒரு பங்குதான், பெரும்பங்கு இன்னும் கரியே. உப்பும் தொல்லையைக் கட்டுக்குள் வைக்க இதுவே நடைமுறை வழி.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். பழைய கைப்பேசியின் முதுகு உப்புவதற்கும் சிலிக்கான் உப்புவதற்கும் தொடர்பில்லை. பேட்டரிக்குள் வாயு சேர்வதால் ஏற்படும் உப்பல் அது. அப்படிப்பட்டதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

குழு எடுத்த முடிவு

ஒரு வாரம் கழித்துச் சகோதரரை அழைத்து அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவருடைய ஸ்கூட்டர் பேட்டரி 60 வோல்ட், 30 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி. புதிதாக இருந்தபோது சுமார் 60 கிலோமீட்டர் ஓடியது. எடை 15 கிலோ. ஆக, கிலோவுக்கு 120 வாட் மணி. கடைக்காரர் சொன்னபடி அதே அளவு, அதே எடைப் பெட்டியில் 600 கிலோமீட்டர் ஓடவேண்டுமானால் 18,000 வாட் மணி வேண்டும். கிலோவுக்கு 1,200. விமானத்தில் பறக்கும் பேட்டரியே 450தான். சகோதரர் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது நடக்காது பாய்" என்று அவரே சொன்னார்.

அவரும் நம் உறுப்பினர் ஒருவரும் அந்தக் கடைக்குப் போய் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டார்கள். எழுதித் தர மறுத்துவிட்டார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றே இருந்தது. அது நல்ல பேட்டரிதான், ஆனால் நானோ சிலிக்கான் அல்ல, எழுபதாயிரமும் அல்ல. இப்போது வேறோர் இடத்தில் எழுத்துப்பூர்வமான உத்தரவாதத்தோடு கிடைத்த சாதாரண பேட்டரிக்கு, பாதிக்கும் குறைவான தொகையைக் கடனாக வழங்கியிருக்கிறோம். தவணையும் அவருக்குத் தாங்கும்.

பேட்டரிக்காகக் கடன் கேட்டு வருபவர்கள் இனி இம்மூன்றையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது. கடன் வாங்காதவர்களும் கேட்டு வாங்குவது நல்லது.

1. வோல்ட், ஆம்பியர் மணி, எடை. முதல் இரண்டையும் பெருக்கி எடையால் வகுங்கள். விடை 250ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். 450ஐத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. எத்தனை சுற்றுக்குப் பிறகு எத்தனை சதவீதம் மிஞ்சும், அதற்குக் குறைந்தால் கடைக்காரர் என்ன செய்வார்.

3. வாகன பேட்டரி என்றால் ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்புச் சோதனைச் சான்று.

நம் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்துறையில் இன்னும் தீராத வேலை நிறைய இருக்கிறது. ஆய்வுக்கூடத்து மாதுளையை மலிவாக டன் கணக்கில் செய்வதும், படலத்தை நிலைக்க வைப்பதும், உமியைப் பயனாக்குவதும் நாளைய பிள்ளைகளின் கையில் உள்ளன. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் மண்ணுக்கு வந்தது அது. லித்தியம் பேட்டரி ஆய்வு அங்கே நடக்கிறது. வேதிப் பொறியியலும் மின்வேதிப் பொறியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் அங்கே உண்டு. பிளஸ் டூவில் வேதியியலைப் பயந்து ஒதுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

முடிவாக, நம்மைப் பற்றி. இடம் நிரப்பப் போட்ட நான்கு வரியை ஒரு சகோதரர் நம்பி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுபதாயிரம் ரூபாய்க் கடனுக்குத் தயாரானார். நம் இதழ் என்பதால்தான் நம்பினார். அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்துவிட்டோம். அந்தத் துணுக்கைப் படித்த மற்ற வாசகர்களிடம் இக்கட்டுரை மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். அதை வெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தையும் வெட்டி அதனோடு சேர்த்து வையுங்கள். இனி எதில் எத்தனை மடங்கு என்று விசாரிக்காமல் ஒரு வரியும் போடமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.